கோழிக் கூட்டத்தை நோயிலிருந்து காத்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

கோழி வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதைத்தான். அதற்கான விடை இக்கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறது. அதை முன்னே வைக்காததற்குக் காரணம் இருக்கிறது. கூட்டத்தையே அழிக்கக்கூடிய வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்), குஞ்சுகளின் நோய் எதிர்ப்பாற்றலைக் கெடுக்கும் கம்போரோ, நரம்பைத் தாக்கி வாதத்தை உண்டாக்கும் மேரக்ஸ், பறவைக் காய்ச்சல் ஆகிய நான்கும் வைரஸால் வருபவை; நோய் கண்ட பிறகு கொடுத்துக் குணப்படுத்தும் மருந்து இவற்றில் எதற்கும் கிடையாது. போதாதற்கு, கோழி தன் நோயை முடிந்தவரை மறைக்கும் பறவை. ஒரு கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒதுங்கி நிற்பது நம் கண்ணில் படும்போது, அதனோடு தண்ணீர் குடித்த இன்னும் பல கோழிகளுக்குள் கிருமி நுழைந்து சில நாள்கள் ஆகியிருக்கும். ஆகவே கிருமி உள்ளே வரும் வழிகளை அறிந்து, அவற்றை ஒவ்வொன்றாக அடைப்பதே வளர்ப்பவரின் முதல் வேலை.

கிருமி வரும் வழிகளை அடைத்தல்

வழிகளில் முதன்மையானது புதிய கோழி. பார்வைக்குத் துடிப்பாக இருக்கும் கோழியும் நாள்பட்ட சுவாச நோயின் மைக்கோபிளாஸ்மாவையோ, கொரைசா எனப்படும் சளி நோயின் பாக்டீரியாவையோ சுமந்து வரலாம். எனவே வெளியிலிருந்து வாங்கிய எந்தப் பறவையையும் மூன்று முதல் நான்கு வாரம் தனியிடத்தில் வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். தனியிடம் என்பது அதே கொட்டகையின் மறுமூலை ஆகாது. காற்றும் கழிவுநீரும் கூட்டத்தின் பக்கம் வராத தொலைவில், தனிப் பாத்திரங்களோடு அமைந்த இடமாக இருக்க வேண்டும். சந்தைக்குக் கொண்டுபோய் விற்காமல் திரும்பிய சொந்தக் கோழியும் இவ்விதிக்கு உட்பட்டதே. பல இடத்துப் பறவைகளோடு அரை நாள் கூடையில் அடைந்து கிடந்த கோழியைப் புதுக் கோழியாகவே கருத வேண்டும்.

மைக்கோபிளாஸ்மாவும், குஞ்சுகளைக் கழிச்சலில் கொல்லும் புல்லோரம் என்னும் சால்மொனெல்லா வகையும் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுபவை. இவற்றை நம் கொட்டகையின் தூய்மையால் தடுக்க முடியாது. தாய்க்கோழிகளைப் பரிசோதித்து வைத்திருக்கும் பொரிப்பகத்தில் குஞ்சு வாங்குவது ஒன்றே இதற்கு வழி. ஆதலால் விலை கேட்பதற்கு முன், இந்தப் பரிசோதனை நடக்கிறதா, மேரக்ஸ் தடுப்பூசி போடப்படுகிறதா என்று கேளுங்கள்.

அடுத்த வழி நம் கால். எச்சம் ஒட்டிய செருப்பில் வெள்ளைக்கழிச்சல் வைரஸும் இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் நுண்முட்டைகளும் எளிதாகப் பயணம் செய்யும். கொட்டகை வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைப்பது நல்ல பழக்கம்தான்; ஆனால் சேறும் எச்சமும் கலந்த கிருமிநாசினி விரைவில் வலுவிழந்துவிடும், அழுக்கு அப்பிய செருப்பை ஒரு நொடி நனைத்து எடுப்பதாலும் கிருமி சாவதில்லை. கொட்டகைக்குள் மட்டும் அணிவதற்கென ஒரு செருப்பை வாசலிலேயே வைத்துக்கொள்வது தொட்டியைவிட நம்பகமானது. விருந்தினர், வியாபாரி, வேறு கோழி வளர்ப்பவர் என யார் வந்தாலும் வெளியிலிருந்தே பார்க்கட்டும். இரவல் வாங்கிய கூடை, முட்டை அட்டை, பழைய தீவனச் சாக்கு ஆகியவற்றையும் உள்ளே விடாதீர்கள்.

வேலை செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் குஞ்சுகள், அடுத்து வளர்ந்த கோழிகள், பிறகு தனியே வைத்திருக்கும் புதியவை, கடைசியில் நோயுற்றவை என்ற ஒழுங்கில் தீவனமும் தண்ணீரும் வைக்க வேண்டும். கடைசிக் கூண்டிலிருந்து திரும்பிக் குஞ்சுகளிடம் போக நேர்ந்தால் கை கழுவிச் செருப்பு மாற்றாமல் போகக் கூடாது.

காட்டுப் பறவைகளைப் பொறுத்தவரை, வாத்து இன நீர்ப்பறவைகள் எந்த நோய்க்குறியும் காட்டாமலே பறவைக் காய்ச்சல் வைரஸைச் சுமக்கக்கூடியவை. குளமோ ஓடையோ அருகில் இருந்தால் அந்த நீரைக் கோழிக்கு வைக்கக் கூடாது. தீவனத்தையும் தண்ணீரையும் கூரைக்கு அடியிலேயே வைத்து, சிட்டுக்குருவி நுழைய முடியாத வலை போட வேண்டும். எலிகள் சால்மொனெல்லாவையும், கோழிக் காலராவை உண்டாக்கும் பாஸ்டுரெல்லாவையும் பரப்பும். சிந்திய தீவனத்தை அன்றன்றே பெருக்கி எடுத்தால் எலி வருவது பாதியாவது குறையும். வான்கோழியைக் கோழிகளோடு சேர்த்து வளர்க்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள்: கோழியின் குடற்புழு முட்டைக்குள் தங்கியிருக்கும் ஓர் ஒட்டுண்ணி கோழியை அதிகம் வருத்தாவிட்டாலும், வான்கோழியின் கல்லீரலைத் தாக்கிக் கொன்றுவிடும்.

கூளமும் காற்றும்

தரையில் விரிக்கும் கூளம் உலர்ந்திருக்கிறதா என்பதில்தான் பாதி நோய்களின் போக்கு தீர்மானமாகிறது. இரத்தக்கழிச்சலை எடுத்துக்கொள்வோம். எச்சத்தோடு வெளிவரும் ஐமீரியா ஒட்டுண்ணியின் முட்டை அந்த நிலையில் நோயை உண்டாக்காது. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் அது முதிர்ந்து, பிறகு கோழி அதைக் கொத்தித் தின்றால்தான் நோய் வரும். உள்ளே போன ஒன்று, ஏறத்தாழ ஒரு வாரத்தில் பல்லாயிரமாகப் பெருகி வெளியே வரும். சாதாரணக் கிருமிநாசினிகள் இந்த முட்டையை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் உலர்ந்த கூளத்தில் அது முதிர முடியாது. எனவே தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள இரண்டடி வட்டத்தைக் கண்காணிப்பதுதான் இந்நோய்க்கான மிக மலிவான தடுப்பு.

கூளம் 5 முதல் 10 செ.மீ. ஆழம் இருக்கட்டும். அதன் ஈரத்தை அறிய ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிடித்துப் பிறகு விரலை விரியுங்கள். உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம் மிகுதி; பிடித்த வடிவம் லேசாக நின்று உடனே உதிர்ந்தால் சரியான நிலை; பிடிக்கும்போதே தூளாகப் பறந்தால் அளவுக்கு மீறி உலர்ந்துவிட்டது, அந்தத் தூசியும் மூச்சுக்குழலுக்குக் கேடுதான். வாரத்துக்கு இரண்டு முறையாவது கிளறிவிட்டு, கட்டிதட்டிய பகுதியை அள்ளி வெளியேற்றிப் புதுக் கூளம் போட வேண்டும்.

ஈரக் கூளத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு, மூச்சுக்குழலில் உள்ள நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் அந்த மயிர்கள் ஓய்ந்தால், கூளத்தில் எப்போதும் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா நுரையீரலுக்கும் காற்றுப்பைகளுக்கும் இறங்கிவிடும். காற்றில் அம்மோனியா 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இதற்குக் கருவி இல்லாதவர்கள், காலையில் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றபடி உணராத நெடி அங்கே தெரியும். நுழைந்தவுடன் என்று சொல்வதற்குக் காரணம், மூக்கு அந்த நெடிக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும் என்பதே. குளிருக்கு அஞ்சி எல்லாப் பக்கமும் திரை இறக்கி மூடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. கோழியின் மேல் நேராகக் காற்று அடிக்காமல் கூரையை ஒட்டி எப்போதும் காற்று போய்வர இடம் விட வேண்டும்.

தண்ணீரும் தீவனமும்

கோழி தின்னும் தீவனத்தின் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் அதைவிட அதிகம். இந்த அளவு திடீரென்று குறைவதுதான் பெரும்பாலான நோய்களின் முதல் அறிகுறி. தீவனம் குறைவதற்கும் முட்டை குறைவதற்கும் முன்பே தண்ணீர் குறையும். எனவே தினமும் ஒரே நேரத்தில் தண்ணீர் அளவையும் தீவன அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நான் வற்புறுத்திச் சொல்லும் ஒரே பதிவு இதுதான். மற்றவை பிறகு சேரட்டும். பாத்திரங்களைத் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். விரலால் தடவினால் வழுக்கும் பாசிப்படலம், மேலே ஊற்றும் நீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கிருமிக்கு இருப்பிடமாகும்.

தீவனத்தில் அஞ்ச வேண்டியது பூஞ்சணம். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நச்சு கண்டறியப்பட்டது. அதுவே அஃப்ளாடாக்சின். குறைந்த அளவில் அது கோழியை உடனே கொல்லாமல், கல்லீரலைக் கெடுத்து நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். தடுப்பூசி போட்டும் நோய் வந்தது என்று சொல்பவர்களின் தீவனச் சாக்கை ஒரு முறை பிரித்துப் பார்ப்பது நல்லது. தானியத்தின் ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சாக்குகளைச் சுவரை விட்டுத் தள்ளிப் பலகையின் மேல் அடுக்க வேண்டும். பூஞ்சண நெடி வரும் தீவனத்தை வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தக் கூடாது. வெயில் ஈரத்தைப் போக்குமே தவிர நச்சைப் போக்காது.

குஞ்சுகளுக்குச் சூடு

முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துக்கொண்டு வருவது பொது விதி. வெப்பமானியைவிடக் குஞ்சுகளே தெளிவாகச் சொல்லும். விளக்குக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கிக் கத்தினால் சூடு போதவில்லை. விளக்கை விட்டு விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எங்கும் பரவி மேய்ந்தால் சரி. முதல் நாளில் குளிரில் நடுங்கிய குஞ்சு பிழைத்தாலும் பிறகு வரும் ஒவ்வொரு நோய்க்கும் முதலில் இரையாகும்.

தடுப்பூசி

எந்த நாளில் எந்தத் தடுப்பூசி என்பது அந்தந்தப் பகுதியில் நிலவும் நோயையும் வளர்க்கும் இனத்தையும் பொறுத்தது. அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் அட்டவணை வாங்கிக்கொள்ளுங்கள். பரவலான வழக்கம் இது: பொரித்த அன்றே பொரிப்பகத்தில் மேரக்ஸ், முதல் வாரத்தின் இறுதியில் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா போன்ற சொட்டு மருந்து, இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் கம்போரோ, நான்காம் வாரம் அளவில் வெள்ளைக்கழிச்சலுக்கு மறுபடியும் ஒரு முறை, அதன் பிறகு அம்மை. முட்டைக்காக நீண்ட நாள் வைத்திருக்கும் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

தடுப்பூசி போட்டும் பலனில்லை என்ற குறை பெரும்பாலும் போடும் முறையிலிருந்து வருகிறது. உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸே பெரும்பாலான கோழித் தடுப்பூசிகளில் இருக்கிறது. அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். கடையிலிருந்து பனிக்கட்டியோடு எடுத்து வாருங்கள். கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். மிச்சத்தை நாளைக்கு வைக்காதீர்கள். கண்ணில் சொட்டு விடும்போது குஞ்சைப் பக்கவாட்டில் படுத்தவாறு கையில் பிடித்து, ஒரு சொட்டு விட்டு, அது இமைத்துச் சொட்டு உள்ளே மறையும்வரை காத்திருந்து கீழே விட வேண்டும். அவசரப்பட்டு விட்டால் குஞ்சு தலையை உதறும். மருந்து தரையில் போகும்.

குடிநீரில் கொடுப்பது எளிதாகத் தோன்றினாலும் அதில்தான் பிழை அதிகம் நேர்கிறது. குளோரின் தடுப்பூசி வைரஸைக் கொன்றுவிடும் என்பதால், முந்தைய நாளிலிருந்தே குளோரினோ வேறு கிருமிநாசினியோ கலக்காத நீரைப் பயன்படுத்த வேண்டும். பாத்திரங்களைச் சோப்பும் கிருமிநாசினியும் இன்றி வெறும் நீரால் கழுவ வேண்டும். லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடியை முதலில் கரைத்து இருபது நிமிடம் விட்டு, பிறகு தடுப்பூசியைச் சேர்த்தால் எஞ்சிய குளோரினின் வீரியம் அடங்கும். அதிகாலையில் ஓரிரு மணி நேரம் தண்ணீரை எடுத்துவிட்டுத் தாகம் வந்தபின் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முழுவதும் குடித்து முடியும் அளவே கலக்குங்கள். பாத்திரம் போதாவிட்டால் வலிய கோழிகள் குடித்துவிட, எளியவை பாதுகாப்பின்றி நின்றுவிடும்.

அம்மைத் தடுப்பூசியில் ஒரு வசதி உண்டு: பலித்ததா என்று கண்ணால் பார்த்துவிடலாம். இறக்கையின் சவ்வில் ஊசி குத்திய ஏழு முதல் பத்து நாளில் அவ்விடத்தில் சிறு தடிப்போ பொருக்கோ தெரிய வேண்டும். பத்திருபது கோழிகளின் இறக்கையை விரித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் தடிப்பு இல்லையென்றால் மறுபடியும் போட வேண்டும். நோயுற்ற, சோர்ந்த கூட்டத்துக்கு எந்தத் தடுப்பூசியையும் வழக்கமாகப் போடக் கூடாது. லசோட்டாவுக்குப் பின் சில நாள் லேசான தும்மல் வருவது இயல்பு; அது நீடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தினமும் பார்த்தல்

தீவனம் வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். ஓடி வராதது எது, கண்ணை மூடி நிற்பது எது, கொண்டை வெளிறியதா கருநீலமானதா, எச்சத்தில் பச்சையோ இரத்தமோ இருக்கிறதா என்று கவனியுங்கள். இரவில் விளக்கை அணைத்தபின் ஒரு முறை உள்ளே நின்று காதுகொடுங்கள். பகலின் சத்தத்தில் கேட்காத கரகரப்பும் தும்மலும் அப்போது தெளிவாகக் கேட்கும். அதே இரவில், அடையும் கம்பின் இடுக்குகளில் டார்ச் அடித்துச் செவ்வுண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். பகலெல்லாம் விரிசலில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும் அது, கோழியின் உடலைப் பகலில் சோதிப்பவர் கண்ணில் படாது.

நோய் கண்டவுடன் செய்ய வேண்டியவை

சோர்ந்த கோழியை உடனே தனியே பிரித்து, நிழலும் தண்ணீரும் கொடுங்கள். அன்று முதல் கோழியோ முட்டையோ வெளியே போகவும் வேண்டாம், புதியது உள்ளே வரவும் வேண்டாம். அடுத்து, மருந்துக் கடைக்குப் போகாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். செத்த கோழி இருந்தால், இறந்த சில மணி நேரத்துக்குள் இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பனிக்கட்டியில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம்; உறையவைத்தால் உறுப்புகளின் திசு சிதைந்து காரணம் கண்டறிவது கடினமாகும்.

மருத்துவரிடம் விவரம் சொல்ல உதவும் அடையாளங்கள் சில. பசுமை கலந்த வெண்கழிச்சல், மூச்சுத்திணறல், சில நாளில் கழுத்து முறுக்கல், கால் இறக்கை வாதம் ஆகியவை வெள்ளைக்கழிச்சலைக் காட்டும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் திடீரென நடுங்கிச் சோர்ந்து, ஒரு வாரத்தில் சாவு ஏறி இறங்கினால் கம்போரோ. அதே வயதில் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் பெரும்பாலும் இரத்தக்கழிச்சல். முகம் ஒரு பக்கம் வீங்கி மூக்கில் நாற்றமுள்ள சளி வந்தால் கொரைசா. கொண்டையிலும் கண்ணோரத்திலும் மருபோன்ற பொருக்குகள் இருந்தால் அம்மை. அதைக் கொசு பரப்புவதால் தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். ஆயினும் பல நோய்கள் ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றும். அறுத்துப் பார்க்காமல் முடிவு செய்வது பல நேரங்களில் தவறாகிறது.

இரத்தக்கழிச்சல் என்று உறுதியானால் குடிநீரில் ஆம்ப்ரோலியம் கொடுப்பது வழக்கம். அம்மருந்து ஒட்டுண்ணிக்குத் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து கிடைக்காமல் செய்து அதை அழிக்கிறது. ஆகவே அதே நாள்களில் பி1 கலந்த சத்து மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் மருந்தின் வேலை கெடும். மருந்தோடு ஈரக் கூளத்தையும் மாற்றாவிட்டால் நோய் திரும்பும்.

ஆண்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. வைரஸ் நோயைத் தொடர்ந்து வரும் பாக்டீரியாவுக்காக மருத்துவர் அதைத் தரலாம். அப்போது சொன்ன அளவும் சொன்ன நாளும் தவறக் கூடாது. பொட்டலத்தில் குறித்த விலக்கு நாள்கள் முடியும்வரை அந்தக் கோழியின் இறைச்சியையும் முட்டையையும் உண்ணவோ விற்கவோ கூடாது. முன்னெச்சரிக்கை என்று சொல்லி மாதந்தோறும் ஆண்டிபயாட்டிக் கலப்பவர்களை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். கட்டுப்படாத பாக்டீரியாவைக் கோழியிடத்தும் மனிதரிடத்தும் வளர்க்கும் செயல் அது.

ஓரிரு நாளில் பல கோழிகள் முன்னறிகுறியின்றிச் செத்து, தலை வீங்கி, கொண்டையும் தாடியும் கருநீலமாகி, கால்தோலில் இரத்தக்கசிவு தெரிந்தால் பறவைக் காய்ச்சல் என்று ஐயுற வேண்டும். 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 வைரஸ் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தனர் என்பதை நினைவில் வைத்து, வெறுங்கையால் தொடாமல், அறுக்காமல், குழந்தைகளை அருகே விடாமல் உடனே அரசு கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இறந்த கோழிகளை ஓடையிலோ குப்பைமேட்டிலோ வீசக் கூடாது. கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் விலகிய இடத்தில், நாயும் நரியும் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கலாம், அல்லது எரிக்கலாம்.

மறுபடியும் கோழி விடுவதற்கு முன்

கூட்டம் தீர்ந்த கொட்டகையைச் சுத்தம் செய்வதிலும் வரிசை உண்டு. முதலில் கூளத்தையும் எச்சத்தையும் முழுதும் அள்ளி வெளியேற்ற வேண்டும். பிறகு சோப்பு நீரால் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். நன்கு உலர்ந்தபின்தான் கிருமிநாசினி அடிக்க வேண்டும். எச்சத்தின் மேல் அடித்த கிருமிநாசினி வீண் செலவு. பிறகு குறைந்தது இரண்டு வாரம் வெயிலும் காற்றும் பட வெறுமையாக விடுங்கள். கம்போரோ வைரஸ் கொட்டகையில் மாதக்கணக்கில் தாங்கக்கூடியது என்பதால், அது வந்த இடத்தில் இடைவெளியை நீட்டித்து, கூளத்தில் வாழும் கருவண்டுகளையும் ஒழிக்க வேண்டும்.

நோயிலிருந்து தேறிய சில கோழிகளை வைத்துக்கொண்டு புதுக் குஞ்சுகளைச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கொரைசாவிலும் நாள்பட்ட சுவாச நோயிலும் தேறிய கோழி பல மாதம் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அவற்றைத் தனியே முடியும்வரை வளர்த்துத் தீர்த்துவிட்டு, ஒரே வயதுக் குஞ்சுகளை ஒரே நாளில் உள்ளே விடுவதே பாதுகாப்பானது. முதல் தொகுதியாகச் சிலவற்றை மட்டும் விட்டு மூன்று வாரம் பார்த்து, அவை நலமாக இருந்தபின் மற்றவற்றுக்குச் சொல்லிவைத்தால் இழப்பின் அளவு சிறிதாகும். இப்படிச் செய்தால் அந்த முதல் தொகுதியைத் தனிக் கூட்டமாகவே வைத்திருந்து, பின்னால் வரும் குஞ்சுகளுக்கு வேறு அறை ஒதுக்குங்கள்.